வாடாமல்லி நிறத்தில் ஒரு சோதனைக் குழாய்

சோதனைக் குழாயில் பத்து மில்லி தண்ணீர். பார்த்தால் குடித்துவிடலாம் போலத் தெளிவாக இருக்கும். அதில் ரெண்டு சொட்டு ஆசிட், அப்புறம் டைஃபினைல் கார்பசைடு. குலுக்கிவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். நிறமே வரவில்லை, அல்லது வெளிறிய ரோஜா நிறம் லேசாக எட்டிப் பார்க்கிறது என்றால் பிழைத்தோம். வாடாமல்லிப் பூ நிறம் வந்தால் அன்றைக்கு வீட்டுக்குப் போக ராத்திரி பத்து மணி ஆகும்.

அம்பத்தூரில், உலோகச் சாமான்களுக்குக் கரண்ட் விட்டு முலாம் பூசும் ஒரு பிளேட்டிங் கடையில் எனக்கு முதல் வேலை அதுதான். பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவன் என்பதால் "ஈ.டி.பி.யைப் பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டார்கள். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் என்று போர்டில் எழுதியிருந்தது. உள்ளே போனால் நாலு சிமெண்ட் தொட்டி, சேற்றைப் பிழியும் ஒரு ஃபில்டர் பிரஸ், மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பு.

வாடாமல்லி நிறம் காட்டிக்கொடுப்பது ஆறு இணைதிறன் குரோமியத்தை. கடையில் அதற்குப் பெயர் ஹெக்ஸா. வெளியே விடும் தண்ணீரில் ஹெக்ஸா லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. பத்தாயிரம் லிட்டர் டேங்கர் லாரி ஒன்றில் மொத்தமே ஒரு கிராம். இந்தப் பக்கம் குரோம் தொட்டியில் என்ன இருக்கிறது? லிட்டருக்கு 250 கிராம் குரோமிக் ஆசிட். குரோமியமாகக் கணக்கிட்டால் 130 கிராம். வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் ஒரு பழைய பில்லின் பின்பக்கம் இதைப் போட்டுப் பார்த்தேன். தொட்டியிலிருந்து ஒரே ஒரு சொட்டு, இருபதில் ஒரு பங்கு மில்லி, தரையில் விழுந்தால் அதில் ஆறரை மில்லிகிராம் குரோமியம். 65 லிட்டர் சுத்தமான தண்ணீரை வரம்பு வரைக்கும் கொண்டுபோக அந்த ஒரு சொட்டு போதும். அன்றைக்கு முழுக்கத் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். தரை பூராவும் சொட்டு.

எங்கள் மூத்த பிளேட்டர் முப்பது வருஷம் அந்தத் தொட்டி ஓரமாகவே நின்றவர். குரோம் தொட்டியில் விடுகிற கரண்டில் பத்திலிருந்து இருபது சதவீதம்தான் குரோமாக ஒட்டும். மிச்சமெல்லாம் வாயுக் குமிழி. குமிழி வெடிக்கும்போது ஆசிட் பனி மாதிரி மேலே கிளம்பும். அவர் மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை உண்டு. "இந்தப் பக்கம் குச்சி விட்டா அந்தப் பக்கம் வரும், பாக்குறியா தம்பி?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். குரோம் வேலைக்காரர்களுக்கு வரும் இந்த ஓட்டை பழைய தொழில்நோய்ப் புத்தகங்களிலேயே இருக்கிறது என்பதும், ஹெக்ஸா நுரையீரல் புற்றுநோயையும் தரும் என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரியும். அன்றைக்கு நானும் சிரித்தேன்.

கழிவைச் சுத்தம் செய்ய நாங்கள் கையாண்டது எல்லாரும் செய்கிற முறைதான். ஹெக்ஸா கலந்த மஞ்சள் தண்ணீரில் சல்ஃபியூரிக் ஆசிட் ஊற்றி பி.எச்.சை, அதாவது அமில கார அளவை, ரெண்டரைக்குக் கொண்டுவர வேண்டும். சோடியம் மெட்டாபைசல்பைட் போட்டால் மஞ்சள் பச்சையாக மாறும். ஹெக்ஸா மூன்று இணைதிறன் குரோமியமாக, எங்கள் பாஷையில் ட்ரையாக, இறங்கிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் சுண்ணாம்பைக் கொட்டி பி.எச்.சை எட்டரைக்கு ஏற்றினால் ட்ரை, ஹைட்ராக்சைடாகத் திரிந்து அடியில் படியும். படித்தவர்கள் ஒரு பத்தியில் எழுதிவிடுவார்கள். செய்கிறவனுக்குத்தான் தெரியும், மெட்டாபைசல்பைட் ஆசிட்டில் பட்டதும் கிளம்பும் கந்தக டை ஆக்சைடு நெஞ்சுக்குள் எப்படி இறங்கும் என்று. அதோடு நாம் ஊற்றிய சல்ஃபேட்டும் சுண்ணாம்பும் சேர்ந்து ஜிப்சமாகி, பிடிக்க வந்த குரோமியத்தைவிடப் பல மடங்கு சேறு சேரும்.

அந்தச் சமயத்தில்தான் வழவழப்பான காகிதத்தில் அச்சடித்த புத்தகத்தோடு ஒரு விற்பனையாளர் வந்தார். எலக்ட்ரோ கோயாகுலேஷன். "ரசாயனமே வேண்டாம் சார், வெறும் கரண்ட்தான், உலோகம் எல்லாம் காணாமப் போயிடும்." விலையைக் கேட்ட முதலாளி அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். எனக்கு மட்டும் அந்தக் 'காணாமப் போயிடும்' மனசுக்குள் நமைச்சலாகவே இருந்தது. குரோமியம் ஒரு தனிமம். எரித்தாலும் கரைத்தாலும் கரண்ட் விட்டாலும் குரோமியம் குரோமியம்தான். காணாமல் போகிறது என்றால் வேறு எங்கேயோ போய் உட்கார்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. இருபது லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்று, ஸ்கிராப்பில் கிடந்த மைல்ட் ஸ்டீல் தகடு ரெண்டு, ஏ.சி. கரண்டை டி.சி.யாக்க ஓரமாகப் போட்டிருந்த பழைய சின்ன ரெக்டிஃபையர். குரோம் பூசிய சாமானைக் கழுவும் ரின்ஸ் தொட்டியிலிருந்து மஞ்சள் தண்ணீரை மொண்டு வாளியை நிரப்பினேன். லிட்டருக்கு 80 மில்லிகிராம் ஹெக்ஸா. வாளி முழுக்க 1.6 கிராம்.

இதன் சூட்சுமம் ரொம்ப எளிது. பிளஸ்ஸில் மாட்டிய இரும்புத் தகடு கரையும். அப்படிக் கரைந்து வரும் ஃபெர்ரஸ் இரும்பு, ஹெக்ஸாவுக்கு எலக்ட்ரானைக் கொடுத்து ட்ரையாக்கும். அதாவது மெட்டாபைசல்பைட் செய்கிற வேலையை இரும்பு செய்கிறது. மைனஸ் தகட்டில் தண்ணீர் உடைந்து ஹைட்ரஜன் குமிழியும் ஹைட்ராக்சைடும் வரும். பி.எச். தானாக ஏறுவதால் சுண்ணாம்பின் வேலையில் பாதி அங்கேயே முடிகிறது. இரும்பும் குரோமியமும் ஹைட்ராக்சைடாகத் திரிந்து ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். குமிழி கொஞ்சத்தை மேலே நுரையாகத் தூக்கும், மிச்சம் கீழே இறங்கும். இது புதுசு இல்லை. 1880களின் கடைசியிலேயே லண்டன் பக்கம் கிராஸ்னெஸ்ஸில் வில்லியம் வெப்ஸ்டர் என்பவர் ஊர்ச் சாக்கடையை இரும்புத் தகடுகளுக்கு நடுவே விட்டுப் பார்த்திருக்கிறார்.

எவ்வளவு நேரம் கரண்ட் விட வேண்டும் என்பதை ஃபாரடே 1830களிலேயே சொல்லி வைத்துவிட்டார். ஒரு ஹெக்ஸா அணுவுக்கு மூன்று இரும்பு அணு வேண்டும். எடையில், ஒரு கிராம் குரோமியத்துக்கு 3.2 கிராம் இரும்பு. ஒரு ஆம்பியரை ஒரு மணி நேரம் விட்டால் ஒரு கிராமுக்குச் சற்றுக் கூடுதலாக இரும்பு கரையும். என் வாளிக்கு ஐந்து கிராம் இரும்பு, ஐந்து ஆம்பியர் மணி. பத்து ஆம்பியரில் அரை மணி நேரம். எழுதிப் பார்த்ததும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கல்லூரியில்கூட வந்ததில்லை. வாட்ச்சைப் பார்த்து சுவிட்ச் போட்டேன்.

முதல் அஞ்சு நிமிஷம் எல்லாம் சரியாக இருந்தது. தகட்டுக்குப் பக்கத்தில் கரும்பச்சையாகப் புகை மாதிரி இறங்கியது. பத்தாவது நிமிஷம் ஆம்பியர் முள் கீழே வர ஆரம்பித்தது. வோல்டேஜைத் திருகி ஏற்றினேன். எட்டு, பன்னிரண்டு, பதினெட்டு. தண்ணீர் சூடானதே தவிர மஞ்சள் போகவில்லை. அரை மணி முடிந்து சோதித்துப் பார்த்தால் அருமையான வாடாமல்லி.

மண்டையில் உறைக்க ரெண்டு நாள் ஆனது. குரோமேட் என்பது இரும்பைத் துருவிலிருந்து காப்பாற்றச் சேர்க்கிற மருந்து. இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தைப் போட்டு அதைக் கரையவிடாமல் தடுப்பதுதான் அதன் குணம். நான் கரையச் சொல்கிற இரும்பைத் தண்ணீரில் இருக்கிற குரோமேட்டே கட்டிப் போடுகிறது. மூத்த பிளேட்டரிடம் சொன்னேன்.

"உப்பு போட்டியா?"

"எதுக்கு அண்ணே?"

"எங்க அம்மா கல்லுப்ப இரும்பு டப்பாவுல வெச்சா ஒரே மழையில ஓட்டை விழுந்துடும். போட்டுப் பாரு."

குளோரைடு அந்தப் படலத்தை உடைக்கும், கரண்ட் ஓடவும் வசதி செய்யும். ஒரு கைப்பிடி கல்லுப்பு போட்டேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பிளஸ் மைனஸை மாற்றி மாட்டினேன். ரெண்டு தகடும் மாறி மாறிக் கரைவதால் படலம் தங்க வழியில்லை. இந்த முறை முள் அசையவில்லை. நாற்பது நிமிஷத்தில் வாளி கரும்பச்சைக் கூழ். கிளறுவதற்காக ஒரு மீன்தொட்டிக் காற்றுப் பம்பை வைத்திருந்தேன். அது செய்த தப்பு, காற்றிலிருக்கும் ஆக்சிஜனைக் கொடுத்து இரும்பின் ஒரு பங்கை வீணாக்கியது. அதனால்தான் அரை மணிக் கணக்கு நாற்பது நிமிஷம் ஆனது. ஒரு மணி நேரம் தெளியவிட்டு மேல் தண்ணீரை எடுத்துச் சோதித்தேன். ஜன்னலில் பிடித்தேன், வெள்ளைத் தாளை வைத்துப் பார்த்தேன். நிறமே இல்லை.

(வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: வேண்டாம். ஹைட்ரஜன் மூடிய அறையில் சேர்ந்தால் ஒரு பொறி போதும். சயனைடு தொட்டிக் கழிவு தவறிக்கூட ஆசிட்டோடு கலந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பிளேட்டிங் கடையில் குரோம் லைன், சயனைடு லைன், நிக்கல் லைன் என்று சாக்கடையைத் தனித்தனியாகப் பிரித்து வைப்பது சும்மா இல்லை.)

ஹெக்ஸா போய்விட்டது. அதே தண்ணீரை வெளி லேபுக்கு அனுப்பினால் நிக்கல் லிட்டருக்குப் பத்து மில்லிகிராமுக்கு மேல் வந்தது. வரம்பு மூன்று. ட்ரை குரோமியம் எட்டு, எட்டரை பி.எச்.சில் மடமடவென்று இறங்கிவிடும். நிக்கலோ பத்தைத் தாண்டாமல் முழுசாக இறங்காது. சரியென்று பத்தரை, பதினொன்றுக்கு ஏற்றினால் இறங்கிய குரோமியம் மறுபடி கரையப் பார்க்கும். ஒரே தொட்டியில் ரெண்டு உலோகத்தைத் திருப்திப்படுத்துவது மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே புடவை எடுக்கிற வேலை. எலக்ட்ரோலெஸ் நிக்கல், அதாவது கரண்ட் இல்லாமல் நிக்கல் பூசும் தொட்டியின் கழிவு ஒரு துளி கலந்துவிட்டால் அதுவும் போச்சு. அதிலிருக்கிற சேர்மங்கள் நிக்கலைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் எத்தனை ஆம்பியர் விட்டாலும் கீழே இறங்கவிடாது. விற்பனையாளர் கொடுத்த புத்தகத்தில் இது எதுவும் இல்லை. உப்பு போட்டால் கரைந்த உப்பின் அளவு ஏறும், அதற்கும் லிட்டருக்கு 2100 மில்லிகிராம் என்று ஒரு வரம்பு இருக்கிறது என்பதும் இல்லை.

இருந்தாலும் முறை நல்ல முறைதான். லிட்டருக்கு 50 மில்லிகிராம் ஹெக்ஸா உள்ள ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ 155 ஆம்பியர் மணி. எட்டு வோல்ட்டில் ஓட்டினால் ஒன்றேகால் யூனிட் கரண்ட். ஆசிட் கேன் தூக்க வேண்டாம், நெஞ்செரிச்சல் இல்லை, ஜிப்சம் இல்லை. ஆனால் அதே ஆயிரம் லிட்டரில் பிடிபட்ட குரோமியம் 50 கிராம். அதைப் பிடிக்கக் கரைத்த இரும்பு 160 கிராம். ரெண்டும் ஹைட்ராக்சைடாகி, ஃபில்டர் பிரஸ்ஸில் பிழிந்த பிறகும் ஈரத்தோடு ஒன்றேகால் கிலோ சேறு. ஒரு யூனிட் கரண்டுக்கு ஒரு கிலோ சேறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சேற்றைப் பற்றிப் பேச ராணிப்பேட்டைக்குப் போக வேண்டும். தோல் பதனிடும் ஊர். தோலுக்கு வேண்டிய குரோமிய உப்புகளைத் தயாரித்த ஒரு ஆலை இருபது வருஷம் ஓடி 1995இல் மூடியது. மூடும்போது லட்சக்கணக்கான டன் குரோமியக் கழிவை வளாகத்திலேயே விட்டுவிட்டது. மழைக்காலத்தில் அந்தப் பக்கம் தேங்கும் தண்ணீர் மஞ்சளாக இருப்பதைப் பார்த்தபோது, எங்கள் ரின்ஸ் தொட்டி ஒரு ஊர் அளவுக்குப் பெருத்துக் கிடப்பது போலிருந்தது. 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது இந்தப் பாலாற்றுத் தோல் ஆலைகளை வைத்துத்தான். இந்த ஆலைகளின் கழிவுக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் உண்டு. 2015 ஜனவரி 31ஆம் தேதி விடியுமுன், அப்படியொரு நிலையத்தில் சேறு தேக்கி வைத்திருந்த தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் சேற்றுக்குள் மூழ்கிச் செத்தார்கள். அநேகம் பேர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தண்ணீரிலிருந்து 'நீக்கிய' பொருள் அவர்களைக் கொன்றது.

எங்கள் சேறு மூட்டை கட்டி கும்மிடிப்பூண்டிக்குப் போகும். அங்கே அபாயக் கழிவைப் பிளாஸ்டிக் விரிப்பு போட்ட குழியில் வைத்து மூடுகிறார்கள். லாரி வரும்வரை கொட்டகையில் காத்துக் கிடக்கும். வெளியே பழுப்பு, உடைத்தால் உள்ளே பச்சை, விரலில் வழுக்கும். மூட்டைகளை எண்ணி ரிஜிஸ்டரில் எழுதும்போதெல்லாம் விற்பனையாளர் சொன்ன 'காணாமப் போயிடும்' ஞாபகத்துக்கு வரும். காணாமல் போனது கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது.

அதனால் என் கவனம் வாளியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நிக்கல் தொட்டிப் பக்கம் நகர்ந்தது. நிக்கல் தொட்டியில் லிட்டருக்கு 70 கிராமுக்குக் குறையாமல் நிக்கல் இருக்கும். ஜாபை, அதாவது முலாம் பூசிய சாமானை, வெளியே எடுத்ததும் முதலில் முக்குவது டிராக் அவுட் தொட்டி, ஒட்டி வரும் கரைசலைப் பிடிக்கிற ஓடாத தண்ணீர். ஒரு வாரத்தில் அது இளம்பச்சையாகிவிடும். முன்பெல்லாம் சனிக்கிழமை சாயங்காலம் அதைத் திறந்து ஈ.டி.பி.க்கு விடுவார்கள். கிலோ கணக்கில் காசு சாக்கடைக்குப் போய், சுண்ணாம்புக்கும் காசு, சேறு ஏற்றும் லாரிக்கும் காசு.

மின்வேதியியலில் எனக்கு ரொம்பப் பிடித்தது இங்கேதான் இருக்கிறது. பிளஸ்ஸில் கரையாத ஆனோடு ஒன்று, மைனஸில் துருப்பிடிக்காத எஃகுத் தகடு ஒன்று கேத்தோடாக. கரண்ட் விட்டால் நிக்கல் நிக்கலாகவே தகட்டில் வந்து ஒட்டும். சேறு இல்லை, சுண்ணாம்பு இல்லை. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரிலும் பதினைந்து லட்சம் ரூபாயிலும் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953இல் திறந்தது. இதே மாநிலத்தில் அப்படியொரு நிறுவனம் இருக்க, பிளேட்டிங் கடைகள் இன்னும் சுண்ணாம்பு மூட்டையை நம்பி இருப்பது எனக்கு ரொம்ப நாள் வருத்தம்.

இதற்கும் ஒரு மட்டு உண்டு. லிட்டருக்குச் சில கிராம் நிக்கல் இருக்கிறவரை ஜோராக ஒட்டும். தண்ணீர் நீர்க்க நீர்க்க, தகட்டுப் பக்கம் வந்து சேரும் நிக்கல் குறைந்து, கரண்ட் எல்லாம் ஹைட்ரஜன் உண்டாக்கப் போய்விடும். தகட்டில் கறுப்பாகத் தூள் பூக்கும். கலக்கிவிட வேண்டும், வலை மாதிரிப் பரப்பு அதிகமுள்ள கேத்தோடு போட வேண்டும், பி.எச். சரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசி மில்லிகிராம் வரை துரத்தவே கூடாது. குரோமுக்கு இது சரிப்படாது. நல்ல தொட்டியிலேயே இருபது சதவீதம் தாண்டாதது நீர்த்த தண்ணீரில் எங்கே ஒட்டப்போகிறது? அதற்கு வேறு வழி. குரோம் தொட்டி 45 டிகிரிச் சூட்டில் இருப்பதால் தினமும் மட்டம் குறையும். குறைகிற அளவுக்கு அதன் டிராக் அவுட் தண்ணீரையே திரும்ப ஊற்றினோம். எந்த மின்சாரமும் இல்லாமல் மஞ்சள் தண்ணீர் பாதியாகக் குறைந்தது.

மூன்று வாரம் கழித்து எஃகுத் தகட்டின் ஓரத்தைப் பிளேடால் நெம்பினேன். சடக்கென்று ஒரு துண்டு உரிந்து வந்தது. தகர டப்பா மூடி கனம், ஒரு பக்கம் கண்ணாடி, மறுபக்கம் சொரசொரப்பு. எடை போட்டு முதலாளி மேஜையில் வைத்தேன். அவர் விரலால் சுண்டிப் பார்த்தார். அன்றைக்குத்தான் ஈ.டி.பி. என்ற வார்த்தையை முகம் சுளிக்காமல் சொன்னார்.

மிச்சம் இருந்தது சொட்டு. ஜாபுகளை மாட்டி முக்குகிற ரேக்கைத் தொட்டிக்கு மேலேயே பத்து நொடி பிடித்தால் பெருவாரி தொட்டிக்குள்ளேயே வடிந்துவிடும். கரண்டும் வேண்டாம், காசும் வேண்டாம். மூத்த பிளேட்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு என்னைக் கணக்குப் போடச் சொன்னார். "ஒரு நாளைக்கு நானூறு ரேக்கு. பத்து பத்து நொடி. எவ்வளவு?"

நாலாயிரம் நொடி. ஒரு மணி நேரத்துக்கு மேல்.

"எனக்கு ரேக்குக் கணக்குலதான் கூலி. அந்த ஒரு மணி நேரத்த யாரு குடுப்பா? நீயா? கைல அஞ்சு கிலோவப் பிடிச்சிக்கிட்டு நிக்குறது வேற."

எனக்குப் பதில் இல்லை. ஆறு மாசமாக நான் போட்ட கணக்கில் ஆம்பியர் இருந்தது, கிராம் இருந்தது, யூனிட் இருந்தது. அவருடைய தோள்பட்டை எதிலும் இல்லை.

மறுநாள் காலையில் நான் வருவதற்குள் அவரே வேலையை முடித்திருந்தார். ஒன்றரை அங்குலக் குழாய் ஒன்றை வளைத்து, பி.வி.சி. சுற்றி, குரோம் தொட்டிக்கு மேலே குறுக்காக வெல்டிங் வைத்திருந்தார். எடுத்த ரேக்கை அதில் மாட்டிவிட்டு அடுத்த ரேக்கை முக்கினார். திரும்பி வருவதற்குள் முதல் ரேக்கிலிருந்து ஒழுகுவது நூலாகி, நூல் சொட்டாகி, சொட்டு நின்றுகொண்டிருந்தது. கீழே நான் விரித்திருந்த பழைய செய்தித்தாளில் மதியம் வரைக்கும் மூணே மூணு மஞ்சள் புள்ளி.